இறந்த காலத்தில் சொல்லு

நேற்று மகள் வாங்கிவந்த நூல் சேலையைப் பிரித்தபோது எழுந்த கஞ்சி வாடை, சங்கரன்கோவிலில் தறிக்கூடங்களுக்கு நடுவே இருந்த, இப்போது இடிபட்டுப் போன எங்கள் ஓட்டுப் பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. நாளெல்லாம் தறிச் சத்தம் கேட்கும் அந்த ஐந்தாம் வகுப்பில், பாக்கியம் டீச்சர் இலக்கணத்தை மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டார். அவரவர் வீட்டில் நடப்பதையே வாக்கியமாகச் சொல்லவைத்து, பிறகு காலத்தை மாற்றிச் சொல்லச் சொல்லுவார்.

டீச்சர் தன் சொந்த ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பிய அன்றும் அப்படித்தான், என் பக்கத்தில் இருந்த மாரியை எழுப்பினார்.

"எங்க அய்யா தறி ஓட்டுதாரு டீச்சர்."

"சரி மக்கா, அதையே இறந்த காலத்துல சொல்லு."

மாரி தலையை ஆட்டி மறுத்தாள். மறுபடி கேட்டதும், "சொல்லமாட்டேன் டீச்சர்" என்றாள்.

நான்தான் எழுந்து, "அவ அய்யா போன வாரம் செத்துப்போனாரு டீச்சர்" என்றேன்.

டீச்சர் ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டார். "நீ சொன்னதே சரி மக்கா, மாத்த வேண்டாம்."

மறுவாரமே மாரி நூல் சுற்றும் வேலைக்குப் போய்விட்டாள். டீச்சர் வீடு தேடிப்போய்க் கெஞ்சியும், "அவளும் போனாத்தான் டீச்சர் உலை வைக்க முடியும்" என்று அவள் அம்மா அழுதாளாம்.

ஆனாலும் அந்த வருஷம் முடியும்வரை, வருகைப் பதிவின்போது டீச்சர் மாரியின் பெயரை விடாமல் கூப்பிட்டார். நான் எழுந்து, "வருவா டீச்சர்" என்பேன். அவர் ஒருநாளும் என்னைத் திருத்தவில்லை.