எங்களுக்குப் பின்னால் வந்த ஆச்சி

சைக்கிள் மெக்கானிக் பாண்டிதான் போன் செய்தார். "அண்ணே, நம்ம ஆச்சி தவறிட்டாக." எந்த ஆச்சி என்று கேட்டேன். காரைக்குடியில் ஆச்சிகளுக்கா பஞ்சம்? "சைக்கிள் ஆச்சிண்ணே" என்றார். விளையாடாதே என்று திட்டிவிட்டேன். அதற்கு இரண்டு நாள் முன்புதான் அலமேலு ஆச்சியோடு நம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் நாமெல்லாம் கல்லல் வரை போய்வந்தோம். ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தி ஊருக்கெல்லாம் ரிசல்ட் சொன்னவர். காலையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். எழுதும்போதும் நம்ப முடியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் நான் கிராவல் சைக்கிள் வாங்க ஆசைப்பட்டேன். தார்ச்சாலையிலும் செம்மண் சரளையிலும் ஓடுகிற சைக்கிள் அது. டயர், பல்சக்கரம், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் நாமே தேர்ந்தெடுத்துப் பூட்டலாம். எதை வாங்குவது என்று ஆச்சியிடம் கேட்டதற்கு, என் பழைய சைக்கிளை எடுத்துவரச் சொன்னார். கோவிலூர் தாண்டிக் கண்மாய்க்கரையில் ஒரு மணி நேரம் பேசாமல் என் பின்னாலேயே வந்தார்.

"நீங்க ஓட்டுறத உங்களால பாக்க முடியாது தம்பி. பின்னால வாரவுகளுக்குத்தான் தெரியும். மேட்டுல எந்திரிச்சு நின்னு மிதிக்கிறீக, அதனால முன்னால சின்னப் பல்சக்கரம் போதும். மணலக் கண்டதும் பிரேக்கப் புடிச்சுக்கிறீக. பயந்தா என்ன, பயத்துக்கு ஏத்த அகல டயராப் போடுவோம்."

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரன் பனிமலையில் பறக்கும் வீடியோவைப் பார்த்து, அவன் போட்டிருந்த ஒல்லி டயரையும் பெரிய பல்சக்கரத்தையும் வாங்கிப் பூட்டினேன். இரண்டாவது வாரமே சிங்கம்புணரிப் பக்கம் ஓடை மணலில் குப்புற விழுந்தேன். பின்னால் வந்த ஆச்சி முழங்கையைக் கழுவிவிட்டு, எலும்பை அழுத்திப் பார்த்தார்.

"சைக்கிள் மேல தப்பில்ல. அது வேற யாருக்கோ வாங்குன சைக்கிளு" என்றார். மறுவாரம் அவர் சொன்ன டயரும் பல்சக்கரமும் மாட்டினேன். அதற்குப் பிறகு மணலில் விழவில்லை.

விழாதது மட்டுமல்ல, டீக்கடைக்கு ஆச்சிக்கு முன்னால் போய்ச் சேரவும் தொடங்கினேன். தலைகால் புரியவில்லை எனக்கு. "என்ன ஆச்சி, வயசாயிருச்சா?" என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருப்பேன். நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். "போங்க தம்பி, வாரேன்" என்பார். நம்மில் யார் கடைசியோ, அவருக்கும் பின்னால்தான் வருவார்.

காரியம் முடிந்த பிறகு ஆச்சியின் கணவர் என்னைக் கூப்பிட்டு, சும்மா நின்றால் ஆச்சியின் சைக்கிள் வீணாகிவிடும், பாண்டியிடம் காட்டுங்கள் என்றார். ஓட்டிக்கொண்டு போனேன். சமதரையில் கால் வேகவேகமாகச் சுற்றியும் சைக்கிள் வேகம் எடுக்க மறுத்தது. கியர் கெட்டுவிட்டதா என்று பாண்டியிடம் கேட்டேன்.

"கெடலண்ணே. முன்னால இருந்த பெரிய பல்சக்கரத்த ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே கழட்டச் சொல்லிட்டாக. அது இருந்தா கால் சும்மா இருக்காது, எல்லாரையும் விட்டுட்டுப் போயிருவேன்னாக."

பாண்டியின் கடை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆச்சி போன செய்தி கேட்டபோதுகூட இப்படி ஆகவில்லை. இரண்டு வருடம் நான் முந்தியதாக நினைத்ததெல்லாம் அவர் விட்டுக்கொடுத்தது. நம்மைத் தனியே விடக்கூடாது என்றுதான் தன் சைக்கிளை அப்படி அமைத்துக்கொண்டார். நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கடைசி இடத்தை. போன ஞாயிறு நான்தான் கடைசியில் வந்தேன். யார் தோளைத் தூக்கி ஓட்டுகிறீர்கள், யாருக்கு இறக்கத்தில் பயம் என்று முதல் தடவையாகப் பார்த்தேன். பாதி வழியில் முள் குத்தி என் டயரில் காற்று இறங்கியது. பழக்கத்தில், பின்னால் ஆச்சி வருவார் என்று ஓரமாக நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன்.