நாலாவது ஆள்

சுவிசேஷமுத்துவுக்குக் கார்களின் மேல் இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவரிடமே ஒரு பழைய ஆஸ்டின் கார் இருந்தது என்பது வேறு விஷயம். புக்கிட் மேரா அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருடைய மூன்றாம் மாடி வீட்டுச் சன்னல்கள் பெரிய சாலையைப் பார்த்தபடி இருந்தன. மனைவி ஆனிக்கு ஆஸ்துமா. காலை ஏழு மணிக்குக் கீழே வண்டிகள் உறும ஆரம்பித்தால், மேலே அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிக்கும். புகை படாமல் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எங்கே போய் இருப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

1975 ஜூன் மாதம் ஒரு புதுச் சட்டம் வந்தது. காலை வேளையில் நகரத்துக்குள் கார் ஓட்டிப் போகிறவர்கள் காசு கட்டிச் சீட்டு வாங்கி, முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டும். வண்டியில் நாலு பேர் இருந்தால் சீட்டு வேண்டாம். ஊரே முகத்தைச் சுளித்தது. முத்து மட்டும் துள்ளிக் குதித்தார். நாலு கார்க்காரர்கள் ஒரே வண்டியில் போனால், ஆனியின் சன்னலுக்குக் கீழே மூன்று வண்டி குறையும் அல்லவா?

அன்று மாலையே கார் நிறுத்துமிடத்தில் நின்று ஆள் பிடித்தார். இன்சூரன்ஸ் கம்பெனி ஜார்ஜ், வங்கியில் இருந்த வடிவேலு, வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்த லீலா. மூவரும் அதே புளோக், மூவரிடமும் கார் இருந்தது. கார் இல்லாதவர்களை அவர் கூப்பிடவே இல்லை.

“பஸ்ஸுல போறவன் ஒழுங்காத்தான் போறான். அவனை எதுக்குக் கார்ல ஏத்தணும்? கார்க்காரன்தான் காரை வீட்டுல போட்டுட்டு வரணும்” என்பார். அந்த விஷயத்தில் அவர் மகா கறார்.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. பிறகு பிடித்தது சனியன். ஏழேகாலுக்குக் கிளம்ப வேண்டும் என்றால், ஜார்ஜ் ஏழரைக்குத்தான் தலைக்கு கிரீம் தடவுவான். வடிவேலுவுக்கு வழியில் பேப்பர் வாங்கியாக வேண்டும். லீலா சாயங்காலம் தேக்கா சந்தையில் மீன் வாங்கினால், மறுநாள் வரை வண்டி நாறும். தஞ்சோங் பகார் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த முத்து, தாமதமாகப் போய் இரண்டு முறை பாட்டு வாங்கினார். அப்படியும் மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

“இன்னைக்கும் மூணு வண்டியை நிப்பாட்டிட்டேன்” என்பார் ஆனியிடம்.

“எனக்கு ஒண்ணும் குறைஞ்ச மாதிரி தெரியலீங்க” என்பாள் அவள். அதை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒரு திங்கட்கிழமை வடிவேலு வரவே இல்லை. காத்துக் காத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், கீழே பஸ் நிறுத்தத்தில் மனிதர் தன் சொந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறார்! பஸ்ஸுக்கு நின்றவர்களில் மூன்று பேர் அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“யாருக்காகவும் காத்திருக்க வேணாம் லா. பஸ் ஸ்டாப்புல நிப்பாட்டினா மூணு பேரு ஓடி வர்றாங்க. அவங்களுக்கும் ஓசி சவாரி” என்று மாலையில் சிரித்தார் வடிவேலு. அடுத்த வாரம் ஜார்ஜும் அதையே செய்தான். கடைசியில் லீலாவும் கழன்றுகொண்டாள். முத்து ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக் கெஞ்சிப் பார்த்தார். ஏமாந்த சோணகிரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

வெறுத்துப்போய்க் காரை விற்றுவிட்டு பஸ்ஸுக்கு மாறினார். பஸ் நிறுத்தம் அவர் வீட்டுக்கு நேர் கீழே இருந்தது. அங்கே நின்றபோதுதான் நடப்பது அவருக்கு முழுதாக விளங்கியது. காலையில் கார்கள் வரிசையாக வந்து ஒதுங்கும். ஓர் ஆள் குறைந்தால், அந்த ஆள் கிடைக்கும்வரை எஞ்சினை அணைக்காமல் நிற்கும். முன்பு கடந்து போய்க்கொண்டிருந்த புகை, இப்போது நின்று நிதானமாக மூன்றாம் மாடிக்கு ஏறியது.

ஒரு நாள் பஸ் அப்போதுதான் போயிருந்தது. நிறுத்தத்தில் முத்துவைத் தவிர யாருமில்லை. ஜார்ஜின் கார் வந்து நின்றது. உள்ளே அவனையும் சேர்த்து மூன்று பேர்.

“முத்தண்ணே, ஒரு ஆள்தான் குறையுது. ஏறுங்க லா.”

“நான் வரலைடா. நீ முதல்ல வண்டியை எடு. ராத்திரியெல்லாம் ஆனி தூங்கவே இல்லை.”

“ஆள் இல்லாம எப்படிண்ணே போறது? பரவாயில்ல, யாராச்சும் வர்ற வரைக்கும் இங்கயே நிக்கிறேன்.”

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. முத்து அண்ணாந்து பார்த்தார். ஆனி ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சன்னல் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தாள்.

முத்து பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

“ஓட்டித் தொலை” என்றார்.