கார் நின்ற நாட்கள்

கார் நின்றுபோன ஒவ்வொரு நாளையும் வானிலையோடு குறித்து வைப்பவன் நான். பற்றரிதான் பழுது என்று நான்கு மாதத்தில் இரண்டு மாற்றினேன். அப்படியும், மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப்போன ஒரு மழைக் காலையில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் கார் நின்றது.

அருகில் வாகன வயரிங் செய்யும் முஸ்லிம் நானா ஒருவரிடம் குறிப்பேட்டை நீட்டி, "இன்னொரு பற்றரி போடுங்கோ" என்றேன்.

பக்கங்களைப் புரட்டினார். "நிண்டதெல்லாம் மழை நாள் சேர். லைட்டும் வைப்பரும் ஓடக்குள்ள ஓல்டர்நேட்டர் பற்றரிக்கு சார்ஜ் குடுக்கல்ல. பற்றரி பாவம்."

தன் வான் வண்டியிலிருந்து வயர் கொடுத்து காரை இயக்கினார். மீற்றரும் அதையே காட்டியது. அந்த வண்டியின் சார்ஜ் நிறைந்த பற்றரியைக் கழற்றி எங்கள் காரில் பூட்டினார்.

"மத்தத பொறகு பாப்பம். மிஸ்ஸ கொண்டு போங்க."

நேரத்துக்குச் சேர்ந்தோம். அவள் கட்டிலருகே அமர்ந்து, நான் எழுதியதை அன்றுதான் முதன்முறையாக வாசித்தேன். அவர் ஒரு நிமிடத்தில் கண்டது ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது.