இரண்டு கிலோ புளி

புத்தூர் காயலான் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்தேன். அதன் இரும்புப் பெட்டி முழுக்கத் துரு. புளித்தண்ணீரில் ஊறவைத்தால் துரு விடும் என்பதால், இன்று காலை எங்கள் தெரு மளிகைக் கடையில் இரண்டு கிலோ புளி கேட்டேன்.

கடைக்கார அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாப்பா, மாசத்துக்கு நூறு கிராம் வாங்கறவன் நீ. வூட்ல விசேஷமா?"

இந்த நகரி ஊருக்குக் குடிவந்த நான்கு வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. துருவைப் பற்றி விளக்க மனம் வரவில்லை.

"ஆமாக்கா. ஞாயித்துக்கெழம இருவது பேர் வராங்க."

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப புளிசோறுதான். எங்க அண்டாவ எடுத்துக்கினு போ. அன்னிக்கி நானும் வந்து துன்னுட்டு, அண்டாவ எடுத்துக்கினு வரேன்."

இப்போது அந்த அண்டாவில்தான் கம்ப்யூட்டர் பெட்டி ஊறிக்கொண்டிருக்கிறது. பாதித் துரு போய்விட்டது.

அண்டாவைத் தேய்த்துக் கழுவிவிடலாம். சோறும் எப்படியாவது கிளறிவிடுவேன். இருபது பேருக்குத்தான் வழி தெரியவில்லை.

ஞாயிறு மதியம் சும்மா இருப்பவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள். அக்கா கேட்டால், எனக்குச் சொந்தம் என்று சொன்னால் போதும்.