அகழியில் கிடைத்த தூண்டில் முள்

ஒல்லாந்தர் பழவேற்காட்டுக் கோட்டைக்கு அகழி வெட்டுகிறார்கள்; நான் மண் சுமக்கிறேன். இன்று கூடையில் ஒரு செம்புத் தூண்டில் முள் கிடந்தது. எந்தக் காலத்ததோ, பச்சை பூத்திருந்தது. நுனியில் பின்னோக்கிச் சாய்ந்த சின்னப் பல்கூட, நைனாவின் இறால் நாற்றமடிக்கும் இரும்பு முள்ளில் இருந்த மாதிரியே.

பஞ்சம் வந்த வருஷத்தில் ஒருநாள் அந்த இரும்பு முள் அக்காவின் உள்ளங்கையில் ஏறிவிட்டது.

“இழுக்காதம்மா, வந்த வழியா வராது” என்று நைனா கயிற்றை அறுத்துவிட்டு, முள்ளை முன்னால் தள்ளி மறுபக்கமாக எடுத்தார். துணி கிழித்துக் கட்டினார்.

மறுநாள் ஒரு மூட்டை அரிசிக்கு அவளை விற்றார். அந்தக் கட்டோடுதான் அக்கா ஒல்லாந்தர் கப்பலேறினாள். நாங்கள் உலை வைத்தோம். புண் ஆறியதா, தெரியாது.

“இன்னா அது?” என்றார் மேஸ்திரி.

“முள்ளு” என்றேன். மண்ணோடு கொட்டிவிட்டு அடுத்த கூடைக்குப் போனேன்.