நீட்டிய கை

கோச்சடையில் எங்கள் தெருவுக்கு இன்று தார் போடுகிறார்கள். வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் சன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அது பரிசல் வாசனை.

மூங்கில் பின்னி, அடியில் தார் பூசிய வட்டப் பரிசல். அப்போது எங்கள் மல்லிகைத் தோட்டம் வைகைக்கு அக்கரையில் இருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் பூக்கூடைகளோடு பரிசலில்தான் இக்கரைக்கு வருவோம். எல்லோரும் ஏறியதும், பரிசல்கார அண்ணன் துடுப்பை எடுக்குமுன் ஒன்று சொல்வார்.

"எவராச்சும் விழுந்துட்டா மத்தவுக எந்திரிக்கப்படாது. ஒராளு மட்டும் விழுந்தவுகளப் பாத்துக் கைய நீட்டிக்கிட்டே இருக்கணும். கண்ண எடுத்தா ஆறு ஆள ஒளிச்சிரும். தங்கச்சி, நீதான் கை."

எப்போதும் என்னைத்தான் சொல்வார். "வாயில்லாதவளாப் பாத்துப் புடிக்கிறீகளேண்ணே" என்று பெண்கள் சிரிப்பார்கள். "பேசுறவுக கண்ணு நாலு பக்கமும் போகுமே ஆத்தா" என்பார். நான் முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொள்வேன். ஆம்பளைகள் இருக்கிற இடத்தில் தலை நிமிர்ந்தே பழக்கமில்லை, கையை எங்கே நீட்ட.

ஒரு நாள் செம்மண் நிறத்தில் வெள்ளம். நடு ஆற்றில் ஒரு கூடை சரிந்தது. அதைப் பிடிக்க எழுந்த என் வீட்டுக்காரர் கூடையோடு போய்விட்டார். மற்றவர்கள் கத்தினார்கள். எனக்குக் கூப்பிட வாய் வரவில்லை. கட்டினவர் பேரை நாங்கள் சொல்வதில்லை. கை மட்டும் தானாக நீண்டது. மட்டை, கட்டை, செத்தை என்று என்னென்னவோ மிதந்து வந்தன. எல்லாமே தலை மாதிரிதான் தெரிந்தன. நான் கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் என் விரலைப் பார்த்தே துடுப்புப் போட்டார். கிட்டே போனதும், "அம்புட்டுப் பேரும் அந்தப் பக்கம் சாஞ்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, இந்தப் பக்கமாக அவரை இழுத்துப் போட்டார்.

இருமி முடித்ததும் அவருக்கு என்மேல் கோபம். "ஒரு சத்தங்கூடக் குடுக்கல நீ."

"சத்தம் போட நாங்க இத்தன பேரு இருந்தோம் மாப்ள. கை நீட்ட ஒராளுதான இருந்துச்சு" என்றார் அண்ணன்.

பாலம் வந்தது, பரிசல் போனது. தோட்டம் வீடுகளாகிவிட்டது. ஆற்றுக்குள் சீமைக் கருவேலம் நிற்கிறது. போன மாதம் என் வீட்டுக்காரரும் போய்விட்டார். படுக்கையில் கிடந்த நாளெல்லாம் நான் கண்ணை எடுக்கவில்லை. என்ன செய்ய.

நேற்றுச் சான்றிதழ் வாங்கப் போன ஆபீசில், இறந்தவர் பேர் என்ன என்று ஒரு பெண் கேட்டாள். "வாயத் தெறந்து சொல்லுங்க பாட்டி." பைக்குள் அவர் போட்டோ இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்து, அதைப் பார்த்துக் கையை நீட்டினேன். வலிக்கிற வரைக்கும் நீட்டிக்கொண்டே இருந்தேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.