வளர்ந்துகொண்டே இருந்த கால்

என் அக்கா ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் கால் அச்சடிக்கிறாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோணிய பாதத்தை நேராகப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் உறையை, முப்பரிமாண அச்சு மிஷின் ஒரே நாளில் இழை இழையாக அடுக்கி எழுப்பிவிடும். முன்பு நோட்டீஸ் அடிக்கும் கடையில் இருந்தவள். மிஷின் என்றால் உயிர். மனிதர்கள் என்றால் மூக்குக்கு மேல் கோபம். அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டும் எனக்கு அந்தக் கோபம் வீட்டிலும் உண்டு, வேலையிலும் உண்டு.

ஒரு சின்னப் பெண் வந்தாள். வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. எலும்பு முற்றுவதற்குள் உறை மாட்டினால் ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர். அக்கா காலை ஸ்கேன் செய்து மறுநாளே உறையை அடித்துவிட்டாள். ஆனால் தரக் கமிட்டி கையெழுத்துப் போட்டால்தான் கொடுக்கலாம். கமிட்டியில் நான்கு பேர். ஒருவர் இருந்தால் ஒருவர் இருக்கமாட்டார். கையெழுத்து வந்தபோது கால் வளர்ந்துவிட்டது, விரல்கள் உள்ளே நுழையவில்லை. மறுபடி ஸ்கேன், மறுபடி உறை, மறுபடி காத்திருப்பு. மறுபடியும் கால் வளர்ந்துவிட்டது.

"ஏம்மா, இவ வளரவே கூடாதா?" என்று கேட்டாள் தாய்.

அக்கா கோபப்படவில்லை. அதுவே அதிசயம்.

மூன்றாவது முறை யாரிடமும் கேட்காமல் அளவைக் கூட்டினாள். போன இரண்டு தடவையும் கால் எவ்வளவு வளர்ந்ததோ அவ்வளவு.

"கமிட்டி தூங்கி எழுந்திரிக்கறதுக்குள்ள கால் இதுக்குச் சரியா வந்துரும்டா" என்று என்னிடம் மட்டும் சொல்லிச் சிரித்தாள்.

போதாத காலம். யாரோ பெரிய மனிதர் மிஷினைப் பார்க்க வருகிறாராம். கமிட்டிக்குத் திடீரென்று சுறுசுறுப்பு பிறந்து, அன்று மாலையே நான்கு கையெழுத்தும் விழுந்தன. மறுநாள் விருந்தாளியைக் கீழ்த்தளத்தில் இறக்கிவிட்டு நானும் அக்காவின் அறை வாசலில் நின்றேன். புது உறையை மாட்டிக்கொண்டு குழந்தை இரண்டடி வைத்தது. உறை கழன்று தரையில் உருண்டது.

"அளவெடுக்கக்கூடத் தெரியாதா உனக்கு?" என்றார் கமிட்டித் தலைவர், எல்லோர் முன்னாலும்.

அவள் என்ன சொல்வாள்? நீங்கள் இவ்வளவு சீக்கிரம் கையெழுத்துப் போடுவீர்கள் என்று நினைக்கவில்லை என்றா? தப்பான உறையை அழித்துவிட வேண்டும் என்பது விதி. வேறு யாராவது என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். இவள் விருந்தாளி போனதுமே சுத்தியலை எடுத்து அதைச் சுக்குநூறாக்கினாள். ஒவ்வொரு அடியும் யார் மேல் விழுந்தது என்று எனக்குத் தெரியும். பிறகு சரியான அளவில் நான்காவது உறையை அடித்தாள். கமிட்டி பழையபடி ஆகிவிட்டது.

கையெழுத்து வந்த அன்று தாயையும் பெண்ணையும் நான்தான் கீழே கூட்டிப்போனேன். டாக்டர் வேறு ஆபரேஷன் பேச்சை எடுத்திருந்தார். உறை பாதியிலேயே நின்றது. அக்கா மண்டியிட்டுத் தள்ளிப் பார்த்தாள்.

"வலிக்குது அத்தை" என்றது குழந்தை.

தாய் சொன்னாள்: "போன தடவ ஒண்ணு பெருசா இருந்துச்சே, கழண்டு விழுந்துச்சே, அது இப்ப சரியா இருக்கும்ல? அத எடுங்களேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு ஸ்கேனரை எடுத்து வரப் போனாள்.